பதிவேட்டின் முதற்பெயர்
திருநெல்வேலித் திருச்சபையில் பெண்களின் ஊழியம்: ஒரு வரலாற்று நோக்கு

பாளையங்கோட்டைச் சபையின் மிகப் பழைய பதிவேடு 1780ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் 40 பெயர்கள் உள்ளன. முதலில் நிற்பது கிளாரிந்தா என்னும் ஒரு பெண்ணின் பெயர். பேராயர் கால்டுவெல் திருநெல்வேலி மிஷனின் தொடக்க வரலாற்றை 1881இல் வெளியிட்டது முதல், அவ்வரலாற்றை எழுதப் புகுந்தோர் யாவரும் இதனைக் குறிப்பிடத் தவறியதில்லை. ஆயினும் குறிப்பிட்டவுடன், அடுத்த பக்கத்திலேயே சத்தியநாதன், யெனிக்கே, ரேனியஸ் என்னும் ஆண்களின் வரிசைக்குச் சென்றுவிடுவர். முதற்பெயர் முன்னுரையாகிவிடுகிறது; நூல் அதற்குப் பின்னரே தொடங்குகிறது.

நம் சபைகளிலும் பேராய மன்றங்களிலும் பெண்களின் ஊழியத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "பெண்களுக்கு இடம் கொடுத்தல்" என்னும் சொற்றொடர் எளிதாக வந்து விழுகிறது. இடத்தை வைத்திருப்பவர் ஒருவர், பெற்றுக்கொள்பவர் வேறொருவர் என்னும் எண்ணம் அதில் அடங்கியிருக்கிறது. பாளையங்கோட்டையைப் பொறுத்தமட்டில் இந்த எண்ணம் வரலாற்றுக்குப் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கிளாரிந்தா

கிளாரிந்தா தஞ்சையில் வாழ்ந்த மராட்டியப் பிராமணக் குலத்தைச் சேர்ந்தவர்; இளமையிலேயே கைம்பெண் ஆனவர். கணவரின் சிதையில் ஏறவிருந்த அவரை லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி மீட்டார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அந்த அதிகாரியின் இல்லத்தில் அவர் வாழ்ந்தார். ஆங்கிலம் கற்றதும், கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படைகளை அறிந்ததும் அவரிடமிருந்தே. திருமுழுக்குப் பெற விரும்பிச் சுவார்ட்ஸ் ஐயரை அவர் அணுகியது தஞ்சையில். ஐயர் மறுத்துவிட்டார். திருமணமின்றி ஓர் ஆடவருடன் வாழ்பவருக்குத் திருமுழுக்கு அளிக்க இயலாது என்பது காரணம்.

இம்மறுப்பைப் பற்றிச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். சுவார்ட்ஸ் ஐயர் தாம் ஏற்றிருந்த சபை ஒழுங்கின்படி நடந்தார். அவரைக் கடின மனத்தவர் என்று எவரும் சொல்லத் துணியார். ஆனால் அந்த ஒழுங்கின் பாரம் யார் தோளில் விழுந்தது? மணம் செய்துகொள்வதும் செய்துகொள்ளாததும் துரையின் கையில் இருந்தன. அவர் பிறப்பினாலேயே கிறிஸ்தவராக எண்ணப்பட்டார். அவர் செய்யத் தவறிய ஒன்றுக்காகத் திருமுழுக்குத் தொட்டியண்டை நிறுத்தப்பட்டவர் அப்பெண். குலத்தார் அவரைத் தள்ளினர். சபையும் அவரைக் காத்திருக்கச் சொல்லிற்று. சபைக் கட்டுப்பாடு பற்றிய நம் வகுப்புகளில் இந்த ஒரு நிகழ்ச்சியையே ஒரு வாரம் முழுவதும் ஆராயலாம். இன்றும் நம் ஊர்ச் சபைகளில் ஒழுங்கு நடவடிக்கை என்று வரும்போது அது முதலில் எவர்மேல் பாய்கிறது என்பதை ஆயர்கள் அறிவர்.

லிட்டில்டன் பாளையங்கோட்டைக்கு மாற்றப்பட்டபோது கிளாரிந்தாவும் உடன் வந்தார். சில காலத்தில் லிட்டில்டன் இறந்தார். அவருடைய உடைமை கிளாரிந்தாவிடம் வந்தது. பணமுள்ள கைம்பெண், குலமும் இல்லை, துணையும் இல்லை. அவர் தஞ்சைக்குத் திரும்பியிருக்கலாம், ஒதுங்கி வாழ்ந்திருக்கலாம். அவர் செய்தது வேறு. 1778ஆம் ஆண்டு சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபோது மீண்டும் திருமுழுக்குக் கேட்டார், பெற்றார். கிளாரிந்தா என்னும் பெயர் அப்போது இடப்பட்டது.

அதற்கு முன் பாளையங்கோட்டையில் கிறிஸ்தவர் எவருமே இல்லை என்று எண்ணலாகாது. 1771ஆம் ஆண்டிலேயே அக்கோட்டையில் சவரிமுத்து என்னும் கிறிஸ்தவர் வேதத்தை வாசித்துக் காட்டி வந்ததைச் சுவார்ட்ஸ் ஐயரின் குறிப்புகளால் அறிகிறோம். அங்கிருந்த ஆங்கிலச் சார்ஜென்ட் ஒருவரின் மனைவி நம் சபையைச் சேர்ந்தவர் என்றும் அவர் எழுதுகிறார். அந்தப் பெண்ணின் பெயரை அவர் எழுதவில்லை. எனவே திருநெல்வேலிச் சீமையில் புரொட்டஸ்டண்ட் கிறிஸ்தவம் பற்றிய மிகப் பழைய செய்தியிலேயே ஒரு பெண் இருக்கிறார், பெயரில்லாமல். பின்வரும் இரு நூற்றாண்டுகளின் ஆவணங்களுக்கு இது ஒரு முன்னடையாளம் போலாயிற்று.

1778க்கும் 1780க்கும் இடையில் பாளையங்கோட்டையில் மிஷனெரி எவரும் தங்கியிருக்கவில்லை. குருப்பட்டம் பெற்றவரும் இல்லை. ஆயினும் 1780இல் 40 பேர் கொண்ட ஒரு சபை இருக்கிறது. வெவ்வேறு சாதியாரும், ஆண்களும் பெண்களும், குழந்தைகளும் அதில் உள்ளனர். வேதநாயகம் சாஸ்திரியாரின் தந்தையாகிய தேவசகாயமும் அதே பட்டியலில் வருகிறார். இந்த மக்களை ஒன்றாகக் கூட்டி வைத்தவர் யார்? சபை தானாகக் கூடிற்று என்று சொன்னாலொழிய, பட்டியலின் தலையில் நிற்கும் பெயரை நோக்கியே நாம் திரும்ப வேண்டும். குலத்தில் மிக உயர்ந்தவராக எண்ணப்பட்ட ஒருவர், மிகத் தாழ்ந்தவர்களாக எண்ணப்பட்டவர்களோடு ஒரே பட்டியலில் தம் பெயரை எழுதக் கொடுத்தார் என்பது அந்நாளில் சிறிய செயல் அன்று.

பின்னர் அவர் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு ஒரு கோயில் கட்டுவித்தார். ஆங்கில அதிகாரிகள் சிலரின் உதவியும் கிடைத்தது. 1785இல் சுவார்ட்ஸ் ஐயர் வந்து அதனைப் பிரதிஷ்டை செய்தார். சபையைக் கண்காணிக்கத் தக்க ஒருவரைத் தஞ்சையிலிருந்து அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டவரும் கிளாரிந்தாவே. அதன் விளைவாகச் சத்தியநாதன் உபதேசியாராக வந்தார். 1790இல் தஞ்சையில் அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. திருநெல்வேலியின் முதல் நாட்டுக் குருவைப் பற்றிப் பெருமிதம் கொள்ளும் நாம், அவரைக் கேட்டுப் பெற்றவரை மறந்துவிடுகிறோம். 1799இல் முதலூர் உருவாகுமுன், டேவிட் சுந்தரானந்தம் தெற்கே தேரிக்காட்டில் சுவிசேஷம் அறிவிக்குமுன், இந்தச் சிறு சபையே இருந்தது.

நம் வரலாற்று நூல்கள் கிளாரிந்தாவைக் "கொடையாளி" என்று அழைப்பது வழக்கம். கொடையாளி என்பது மதிப்புக்குரிய சொல்தான். ஆனால் அச்சொல் அவரைப் பணப்பையோடு நிறுத்திவிடுகிறது. பிலிப்பி பட்டணத்து லீதியாளை நாம் அவ்வாறு நிறுத்துவதில்லை. அவள் வீட்டிலே சபை கூடிற்று என்றே கற்பிக்கிறோம். பெபேயாளைப் பற்றிப் பவுல் எழுதியதையும் இங்கே நினைவுகூர வேண்டும். கெங்கிரேயா சபையின் தியாக்கொனோஸ் என்று அவர் அவளைக் குறிக்கிறார். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அச்சொல்லை அங்கே "ஊழியக்காரி" என்று பெயர்த்திருக்கிறது. பிலிப்பியர் நிருபத்தின் முதல் வசனத்திலோ அதே சொல் "உதவிக்காரர்" என்று வருகிறது. பெபேயாளை உதவிக்காரி ஆக்காமல் ஊழியக்காரி என்று பெயர்த்ததன் நோக்கம் எதுவாயினும், விளைவு ஒன்று உண்டு: கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் தமக்கும் அப்பொல்லோவுக்கும் கொடுக்கும் பெயரும் தமிழில் ஊழியக்காரர் என்பதே. கிரேக்கம் அறியாத நம் பாட்டிமார் தமிழ் வேதத்தை வாசித்தபோது, பெபேயாள் பவுலோடும் அப்பொல்லோவோடும் ஒரே வரிசையில் நின்றாள். அவள் பலருக்கும் ஆதரவாயிருந்தவள் என்று பவுல் மேலும் எழுதுகிறார். கிளாரிந்தாவுக்கு இவ்விரு பெயர்களும் பொருந்தும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது முறையன்று.

கிளாரிந்தாவின் வாழ்வை விரிவாக எழுத முன்வந்த முதல் தமிழ் எழுத்தாளர் கிறிஸ்தவர் அல்லர் என்பதும் எண்ணத்தக்கது. திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவரும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றவருமான அ. மாதவையா, 1915இல் அவரைத் தலைவியாக வைத்து ஆங்கிலத்தில் ஒரு வரலாற்று நாவல் எழுதினார். கைம்பெண்களின் துயரம் அவர் உள்ளத்தை உறுத்தியது. சபையார் காணாத முழு மனுஷியை அவர் கண்டார் என்று சொல்லத் தோன்றுகிறது.

பைபிள் உமன்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்களின் ஊழியம் வேறு உருவம் எடுத்தது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் சிறுமியருக்குப் பள்ளி தொடங்கி, 1821 முதல் லேஸ் பின்னும் தொழிலையும் கற்பித்தார். தன் கையால் சம்பாதித்த காசைத் தன் கையில் வைத்திருந்த பெண், மார்பை மறைக்க உரிமை கேட்டுப் போராடிய அதே சமுதாயத்துப் பெண் என்பதை நினைத்தால், அத்தொழிலின் பொருள் விளங்கும். தோள்சீலைக்கான போராட்டம் 1822இல் தொடங்கி 1859இன் அரச விளம்பரம் வரை நீண்டது. பாளையங்கோட்டையில் சாரா டக்கர் அம்மையாரின் பெயரால் எழுந்த பெண்கள் பள்ளி, 1895இல் கல்லூரியாயிற்று. அவ்வம்மையார் இந்தியாவைக் கண்ணால் கண்டவரே அல்லர். இப்பள்ளிகளின் வரலாறு நன்கு எழுதப்பட்டிருப்பதால் அதனை இங்கே விரிக்க வேண்டியதில்லை. அவற்றிலிருந்து புறப்பட்ட ஒரு பணியே நம் கவனத்துக்குரியது.

பைபிள் உமன் என்னும் பெயர் இலண்டன் மாநகரில் பிறந்தது. 1857இல் எல்லன் ரன்யார்டு என்னும் அம்மையார், ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பகுதிகளில் வேதப் புத்தகங்களை விற்கவும் வாசிக்கவும், அதே ஏழை மக்களிடையே வாழ்ந்த பெண்களை நியமித்தார். இம்முறை விரைவில் இந்தியாவுக்கும் வந்தது. வேதாகமச் சங்கமும் அவர்களின் சம்பளத்துக்கு உதவிற்று. தமிழ்நாட்டிலோ அப்பணி புதிய தன்மை பெற்றது. இலண்டனில் ஏழை ஏழையைத் தேடிப் போனார். இங்கே பெரும்பாலும் கைம்பெண்ணாகிய ஒருவர், தம்மை வாசற்படிக்குள் விடத் தயங்கும் வீடுகளைத் தேடிப் போக வேண்டியிருந்தது. மங்கல காரியங்களுக்கு எதிரே வரலாகாது என்று ஒதுக்கப்பட்டவர், நற்செய்தி என்று சொல்லிக்கொண்டு எதிரே வந்தார்.

அவர் பணியைச் சற்று நுணுகிக் காண்போம். உபதேசியார் திண்ணையோடு நின்றுவிடுவார். அவர் பேச்சு ஆண்களோடு முடியும். பைபிள் உமனோ நடையைத் தாண்டி அடுக்களை வரை சென்றார். கையில் சுவிசேஷப் பிரதிகள், அரிச்சுவடி, மனத்தில் கீர்த்தனைகள். அரிசி புடைத்துக்கொண்டும் குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டும் இருக்கும் பெண்களுக்கு எழுத்து அறிவித்தார். வாசிக்கக் கற்ற பின் வேதப்பகுதிகளை வாசிக்க வைத்தார். மாத முடிவில் மிஷனெரி அம்மையாரிடம் கணக்குக் கொடுத்தார்: இத்தனை வீடுகள், இத்தனை மாணவிகள், இத்தனை பேருக்கு வாசித்துக் காட்டியது. அந்தக் கணக்கில் திருமுழுக்கு என்னும் பத்தி பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தது. கணவரும் மாமியாரும் வாழும் வீட்டில், ஒரு பெண் தனியே திருமுழுக்குப் பெற்றால் வீட்டை விட்டே வெளியேற வேண்டும். ஆகையால் அவர் விதைத்தது எந்த அறிக்கையிலும் அறுவடையாகக் காணப்படவில்லை. மிஷன் சங்கங்கள் திருமுழுக்கின் எண்ணிக்கையால் ஊழியத்தை அளந்த காலத்தில், இப்பெண்கள் குறைவாகவே அளக்கப்பட்டனர்.

இதனினும் ஆழமான வேறுபாடு ஒன்று உண்டு. உபதேசியாருக்கு ஓர் ஏணி இருந்தது. அவர் திறமையும் உண்மையும் உடையவராயின் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பப்படுவார், உதவிகுருவாவார், பின் குருவாவார். சத்தியநாதன் அவ்வாறே உயர்ந்தார். பைபிள் உமனுக்கு ஏணி இல்லை. முப்பது ஆண்டு ஊழியம் செய்தவரும் பைபிள் உமனாகவே முதுமை எய்தினார். மதுரையில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஈவா ஸ்விஃப்ட் அம்மையார் 1892இல் பெண்களுக்கென ஒரு வேதப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது, இப்பணிக்கு முறையான கல்வி வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்ட செயலாகும். கல்வி வந்தது, பட்டம் வரவில்லை.

பொன்னம்மாள்

பெயரற்ற இக்கூட்டத்தில் பெயரோடு நமக்குக் கிடைத்தவர்களில் பொன்னம்மாள் முதன்மையானவர். இளமையில் கணவரை இழந்தவர். ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1896இல் திருநெல்வேலிக்கு வந்த பின், ஊர் ஊராக மாட்டு வண்டியில் சென்று ஊழியம் செய்யப் பெண்கள் குழு ஒன்று உருவாயிற்று. மக்கள் அதனை நட்சத்திரக் கூட்டம் என்றனர். பொன்னம்மாள் அதில் ஒருவர். தம் நகைகளை அவர் கழற்றி வைத்தது அக்காலக் கிறிஸ்தவர்களிடையே பெரும் பேச்சாயிற்று. நகை என்பது பெண்ணின் அழகு மட்டுமன்று. கைம்பெண்ணுக்கு அதுவே ஆபத்துக்கால முதல். அதைக் கழற்றியவர் தம் பின்வழியை அடைத்துக்கொண்டார். சபைக் குடும்பங்கள் இதை ஒரு குடும்பத்தின் மானத்துக்கு நேர்ந்த குறையாகவே கண்டன.

1901இல் கோயிலுக்கு ஒப்படைக்கப்படவிருந்த சிறுமி பிரீனா தப்பி வந்தாள். அதிலிருந்து ஊர்ப் பயணங்களின் இடத்தில் குழந்தைப் பராமரிப்பு வந்தது. நெய்யூர் மருத்துவமனையின் அருகில் நோயுற்ற சிசுக்களுக்காக ஏற்பட்ட இல்லத்தின் பொறுப்பு பொன்னம்மாளிடம் கொடுக்கப்பட்டது. வேதம் போதித்தவர் இரவெல்லாம் சிசுக்களுக்குப் பால் புகட்டினார். இதனை ஊழியத்திலிருந்து இறங்கியது என்று எண்ணியோர் உண்டு. பொன்னம்மாள் அவ்வாறு எண்ணவில்லை. 1915இல் புற்றுநோயால் அவர் இறந்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஏமி அம்மையார் அவர் வரலாற்றை நூலாக எழுதினார். ஒரு தமிழ்ப் பெண் ஊழியரின் வாழ்வு தனி நூலாயிற்று என்பது மகிழ்ச்சிக்குரியது. அதை எழுத வேண்டியவர் வேறு நாட்டிலிருந்து வந்தவராயிருந்தது நாம் நாணத்தக்கது.

பிடியரிசியும் சிறு நாணயமும்

ஊழியத்துக்குப் பட்டம் கிடைக்காத பெண்கள் ஐக்கியத்தைத் தாங்களே அமைத்துக்கொண்டனர். இங்கிலாந்தில் மேரி சம்னர் அம்மையார் 1876இல் தம் கணவரின் சபையில் தொடங்கிய தாய்மார் சங்கம், ஆங்கிலிக்கன் சபைகள் வழியாக இந்நாட்டுக்கும் வந்தது. ஆனால் அச்சங்கம் சொல்லித் தந்து நம் பெண்கள் கற்றதன்று பிடியரிசி. உலையில் இடுமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, வாரமுடிவில் கோயிலுக்குக் கொண்டுவரும் வழக்கம் தென்பகுதிச் சபைகளில் ஆழமாக வேரூன்றியது. வீட்டின் பணம் ஆண் கையில். அரிசிப் பானையோ பெண் கையில். அவர் தமக்கு உரிமையான ஒன்றிலிருந்து கொடுத்தார். பஞ்ச காலத்தில் அந்தக் கைப்பிடி யாருடைய பங்கிலிருந்து குறைந்தது என்பதைச் சொல்ல வேண்டுமோ? சுய ஆதரவுச் சபை என்று நாம் பெருமையாகப் பேசுவதில் எவ்வளவு பங்கு இக்கலயங்களிலிருந்து வந்தது என்பதை எந்தப் பேராயமும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை.

இதே உணர்வை உலக அளவில் கொண்டுசென்றவரும் ஓர் இந்தியப் பெண்ணே. சாந்தி சாலமோன் அம்மையார் 1956இல் ஆசிய நாடுகளுக்குச் சென்ற பெண்கள் குழு ஒன்றில் இடம்பெற்றார். கொரியாவுக்குள் நுழைய அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. தோழியர் செல்ல, அவர் பிலிப்பைன்சில் தங்கினார். எல்லைகள் தடுத்தாலும் ஜெபம் தடைபடாது என்று அங்கே அவர் எண்ணினார். ஒவ்வொரு முறை ஜெபிக்கும்போதும் தன் நாட்டின் மிகச் சிறிய நாணயத்தை எடுத்து வைக்கும் ஐக்கியம் அந்த எண்ணத்திலிருந்து பிறந்தது. செல்வ நாட்டுப் பெண்ணும் ஏழை நாட்டுப் பெண்ணும் ஒரே அளவில் கொடுக்கும்படி அவர் வகுத்த அந்த ஒழுங்கு, உதவி பெறும் சபை, உதவி செய்யும் சபை என்னும் பிரிவை அறவே நீக்கிற்று. மிஷன் உறவுகளைப் பற்றி எழுதப்பட்ட பல கனத்த நூல்கள் சொல்ல முயன்றதை ஒரு நாணயம் சொல்லிற்று.

1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, பல மரபுகளின் பெண்கள் சங்கங்களும் ஒரே ஐக்கியமாயின. பெண்களுக்கான துறவுச் சகோதரிகள் அமைப்பும் பெங்களூரில் விசிராந்தி நிலையத்தை மையமாகக் கொண்டு வளர்ந்தது. 1976 முதல் அத்திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் அளித்து வருகிறது. 2013 செப்டம்பர் 30இல் புஷ்பலலிதா அம்மையார் நந்தியால் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். அத்திருச்சபையின் முதல் பெண் பேராயர் அவர். கிளாரிந்தாவின் கோயில் பிரதிஷ்டை செய்யப்பட்டு அப்போது 228 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கால்டுவெல் காலத்திலும் அக்கோயிலைப் பாளையங்கோட்டை மக்கள் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே அழைத்தனர். எந்தக் குலத்தை விட்டு அவர் வெளியே வந்தாரோ, அதன் பெயராலேயே ஊர் அவரை நினைவில் வைத்தது. திருமுழுக்கில் பெற்ற பெயர் பதிவேட்டில் மட்டும் இருந்தது. ஆகவே இறையியல் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். கிராமச் சபைகளுக்கு நீங்கள் பயிற்சிக்காக அனுப்பப்படும்போது, ஆயர் இல்லத்து மரப்பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய சம்பளப் புத்தகங்களில் பைபிள் உமன் என்னும் சொல்லுக்கு எதிரே எழுதப்பட்டுள்ள பெயர்களையும், ஆண்டுகளையும், ரூபாயையும் படியெடுத்துக்கொள்ளுங்கள். தாள்கள் பொடியாகி வருகின்றன. அப்பெண்களைக் கண்ட மூதாட்டிமார் ஊரில் இன்னும் இருப்பாராயின், முதலில் அவர்களிடம் போங்கள்.